செத்தவனுக்கு மாட்டிய கோட்டு

அத்தியாயம் 3

மேசைமேல் கிடந்த கோட்டைப் பார்த்ததும் சென்னிமலைக்குக் கண் கூசியது. வெளியே ஆடி மாதத்து மூடுபனி போலீஸ் ஸ்டேஷன் ஜன்னல்வரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எரிந்த விளக்கு தன்னைத் தவிர வேறெதையும் காட்ட இயலாமல் மங்கியிருந்தது. அந்த மங்கலிலும் கோட்டு மட்டும் அடுப்புக் கங்கைக் கொட்டிவைத்தாற்போல ஆரஞ்சு நிறத்தில் தகித்தது. முதுகின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை மின்னியது.

"ஏனுங்கம்மா, இதுல ஒண்ணு வாங்கி நம்ம எருமைக்குப் போட்டுட்டா, காணாமப் போனாலும் ஊட்டுல இருந்தே பாத்துக்கலாமுங்க" என்றான்.

"உம்பட வாயிக்கு ஒண்ணு வாங்கோணும். மூடி வெக்கிறதுக்கு" என்றார் சரஸ்வதியம்மாள், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் கடலைக்காடும் வைத்திருந்த அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இரண்டு பெயர்கள் சேர்ந்திருந்தன. போலீசுக்குப் பிடிபடாதது அவருக்குப் பிடிபடும் என்பது ஒன்று. பிடிபட்டவன் சொந்தக் கொழுந்தனேயானாலும் விடமாட்டார் என்பது மற்றொன்று. தோப்பில் தீ வைத்த அந்தக் கொழுந்தன் இன்னும் சிறையில்தான் இருந்தான். சென்னிமலை அவருடைய ஜீப்பை ஓட்டுபவன். அம்மாளுக்குக் கையாகவும் காலாகவும் இருப்பதாகச் சொல்லிக்கொள்வான். வாயாகவும் இருப்பதை ஊரார் சொல்லிக்கொண்டார்கள்.

அவர்களை மலைக்கு வரவழைத்தவள் வாசற்படியில் நின்றிருந்தாள். பெயர் பூமாரி. சின்னக்கானலுக்கு மேலே இருந்த வெண்பாறை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். அவள் கணவன் சின்னமுத்து, பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் லாரியின் டிரைவர். சென்ற வாரம் கீழ்வளைவில் அந்த லாரி, குதிரைமேல் வந்த எஸ்டேட் உதவி மேனேஜர் சின்னத்துரை ஏசுதாசை அடித்துவிட்டது. அன்றிலிருந்து சின்னமுத்து லாக்கப்பில் இருந்தான்.

"விபத்துன்னால் நான் விட்டிருப்பேன், அம்மே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், மலையாளம் கலந்த தமிழில். "பட்சே, இந்தக் கோட்டு உண்டல்லோ! போன வருஷம் ஒரு துரை இதே பனியில் லாரி அடிச்சுச் செத்தார். அதுக்குப் பின்னேதான் குதிரையில் போறவர் எல்லாரும் இதைப் போடணும்னு எஸ்டேட்டில் ஆர்டர். பனியில் ஒரு பர்லாங்குக்கு அப்புறமும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தன் அடிச்சால் அது விபத்தா?"

"அவனுக்கு என்ன பகையுங்க?"

"முந்தின வாரம், காலையில் பேர் கூப்பிடற பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னிலும் சின்னத்துரை இவனைச் சவுக்கால் அடிச்சார். 'இனிமே என் வண்டிக்கு முன்னால வந்துராதீக'ன்னு இவன் சொன்னதுக்கு நூறு சாட்சி. உச்சி சாய்ஞ்சதும் கோர்ட்டுக்குக் கொண்டுபோறேன். கொலைக் கேஸ்."

சரஸ்வதியம்மாள் லாக்கப் கம்பியருகே சென்றார். சின்னமுத்து உட்கார்ந்திருந்தான். அவன் பாதங்கள் இரண்டும் பலாப்பழம்போல வீங்கியிருந்தன. எழ முயன்றபோதுதான் அவனால் இயலாது என்பது சென்னிமலைக்குத் தெரிந்தது. வாயில் வந்த வேடிக்கைப் பேச்சை அவன் விழுங்கிக்கொண்டான்.

"நெசத்தச் சொல்லுப்பா" என்றார் அம்மாள்.

"அன்னைலேருந்து அதையேதாம்மா சொல்லுதேன். துரை ஒடம்புல கோட்டு இல்ல. சாம்பக் கலர்ல என்னமோ பனியில அசஞ்சுச்சு. பிரேக் போடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. எறங்கிப் பாத்தா துரை மொனங்கிக்கிட்டுக் கெடக்காக. கம்பவுண்டரக் கூட்டியாரக் கீழ ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். திரும்பி வந்து பாத்தா உசுரு இல்ல." அவன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "ஆனா மேல கோட்டு இருந்துச்சு. கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டு."

பின்னால் நின்ற கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு நாளும் கேட்டு ரசித்த கதை போலும்.

"செத்தவர் எழும்பிக் கோட்டு போட்டாராக்கும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மேல போறப்பக் குளிருமின்னு நெனச்சிருப்பாருங்க" என்று சென்னிமலை சொல்லி முடிப்பதற்குள் அம்மாளின் பார்வை அவனைத் தடுத்தது.

அவர் கான்ஸ்டபிள்கள் பக்கம் திரும்பினார். "பொணத்துமேல இருந்து கோட்டக் கழட்டுனது யாருங்க?"

"நான்தான். பெரிய பாடு. வலது மணிக்கட்டில் சவுக்கோட வார் மாட்டியிருந்தது. அந்த வார் கோட்டுக் கைக்கு உள்ளே. சவுக்கு மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. வாரை அறுத்துத்தான் எடுத்தேன். இடது கையில் அவருடைய சட்டைக் கை நுனியையே இறுக்கிப் பிடிச்சிருந்தார். விரலைப் பிரிக்கவே முடியல்ல."

சரஸ்வதியம்மாள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து மறைந்தது. சுவரில் தொங்கிய லத்தியை எடுத்து, அதன் கயிற்றைச் சென்னிமலையின் மணிக்கட்டில் மாட்டினார். "இந்தக் கோட்டப் போடு."

லத்தி முதலில் தோளில் இடித்தது. பிறகு கைக்குள் குறுக்கே சிக்கிக்கொண்டது. அதை நேராக்கி நுழைப்பதற்குள் சென்னிமலை கூத்தாடியைப் போல இரண்டு முறை சுற்றிவிட்டான். "அம்மா, இப்பிடித் தெனமும் கோட்டுப் போடறவன் குதிரை ஏறி நேரத்துக்கு எங்கயும் போய்ச் சேரமாட்டானுங்க!"

"கேட்டீங்களா?" என்றார் அம்மாள் சப்-இன்ஸ்பெக்டரிடம். "தானாப் போடறவன் மொதல்லக் கோட்டப் போட்டுட்டு அப்புறந்தான் சவுக்க மாட்டுவான். இது இன்னொருத்தர் மாட்டி உட்ட கோட்டு."

சப்-இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "சரி. பட்சே, வளைவுக்கு மேலே கொழுந்து எடுத்த பெண்ணுங்க எல்லாரும் அன்னைக்குத் துரை கோட்டோடத்தான் போனாருன்னு சொல்லியாச்சு. அதை மாத்திச் சொல்ல ஆள் கொண்டு வாங்க. கோட்டை மாட்டினவனையும் கொண்டு வாங்க. உச்சி சாயிற வரைக்கும்தான் நேரம்."

ஜீப் வெண்பாறைக்கு ஏறும்போது பூமாரி பின்னிருக்கையிலிருந்து ஒரே ஒரு முறைதான் பேசினாள். "யாரு மாட்டியிருந்தாலும் புடிச்சுக் குடுங்கம்மா. எம் புருசன் வெளிய வரணும். வேற எவன் உள்ள போனா எனக்கென்ன."

"அந்த வார்த்தைய அப்பிடியே வெச்சுக்கோ" என்றார் அம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

குதிரை லாயம் மேட்டில் இருந்தது. அங்கிருந்து தேயிலைச் சரிவு கீழிறங்கி, ஓடையோரத்துக் கீழ்வளைவில் முடிந்தது. குதிரைக்காரன் சுருளிவேல் பூமாரியின் அண்ணன். தங்கையைக் கண்டதும் ஓடிவந்து, "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டான். முகம் வற்றியிருந்தது. அம்மாள் கேட்டதும் மறுக்காமல் செவலைக் குதிரையை அவிழ்த்தான். ஆணியிலிருந்து இன்னொரு ஆரஞ்சுக் கோட்டை எடுத்துச் சென்னிமலைக்கு மாட்டி, கழுத்துப் பொத்தானையும் விடாமல் போட்டுவிட்டான்.

"மூச்சு முட்டுதுங்க அண்ணா."

"பொறுத்துக்கிருங்க. கோட்டு இல்லாமக் குதிரை இந்த வாசலத் தாண்டுனா எஞ் சோறு போயிரும். பெரியதுரை ஆர்டர்."

சென்னிமலை குதிரையேறியதை ஏற்றம் என்று சொல்வது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநீதி. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வழுக்கி, மீண்டும் ஏறினான். "அம்மா, நான் செத்தா ஜீப்ப என்ற பொண்டாட்டிகிட்டக் குடுக்காதீங்க. அவ அதுல விறகு ஏத்துவா." குதிரை தானாகவே தன் பழகிய தடத்தில் சரிவுக்குள் இறங்கிற்று.

பனி அவனை விழுங்கியது. இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகளின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அப்போது, எங்கோ முன்னால், ஒரு பெண்குரல் சாதாரணமாகப் பாடுவதுபோல எழுந்தது:

"ஏத்தா, பூத்திருச்சேய்!"

அடுத்த நிரையில் இன்னொரு குரல்: "பூத்திருச்சாம்டீ!" அதற்கும் கீழே மூன்றாவது. குரல் குதிரையைவிட வேகமாகச் சரிவில் உருண்டோடியது. அது போன திசையெல்லாம் செடிகளுக்கிடையே சலசலப்புக் கிளம்பிற்று. சென்னிமலை நெருங்கியபோது எல்லாப் பெண்களும் குனிந்து, இரு கைகளாலும் மும்முரமாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாறைக்குப் பின்னால் அவசரமாக மண்ணள்ளிப் போட்ட தீயிலிருந்து புகை வந்தது. அங்கே குளிர்காய்ந்தவர்கள் மென்ற வெற்றிலையின் மணம் இன்னும் போகவில்லை.

துரையைக் காப்பதற்காகக் கொண்டுவந்த கோட்டு, அந்தப் பெண்களுக்கு அபாயச் சங்காகியிருந்தது. துரை வருவது இனிப் பனியிலும் முன்கூட்டியே தெரியும். இரண்டு நிமிடம் முதுகு நிமிர்த்தலாம். தீயருகே உட்காரலாம். கோட்டு பூத்தால் குனிந்தால் போதும்.

சரஸ்வதியம்மாளும் பூமாரியும் குறுக்குப் பாதையில் இறங்கி வந்துசேர்ந்தார்கள். பாறையருகே நின்ற நடுவயதுப் பெண்ணிடம் அம்மாள் நேராகக் கேட்டார். "உம் பேரு?"

"மூக்கம்மாங்க."

"சின்னத்துரை செத்த அன்னிக்குப் பூத்துச்சா?"

மூக்கம்மாள் பூமாரியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அவுக கோட்டு போட்டுத்தான் போனாக. அதத்தான் போலீசுலயும் சொன்னோம்."

"நான் அதெக் கேக்குலியே. பூத்துச்சான்னு கேட்டேன். அன்னிக்கு அரைப்பேரு யாருக்கு உழுந்துச்சு?"

பாதி நாள் கூலியை வெட்டுவதற்கு எஸ்டேட்டில் அப்படிப் பெயர். பெண்களின் முகங்கள் தாமாகவே மூக்கம்மாள் பக்கம் திரும்பின. அவர்கள் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"உனக்கு" என்றார் அம்மாள். "தீக்கிட்ட உக்காந்திருந்தே. துரை தலைக்குமேல வந்து நிக்கிற வரைக்கும் தெரியல. கோட்டு இருந்திருந்தா மேல் நிரையிலயே பூத்திருக்கும். உங்களப் புடிக்கோணும்னுதான் அந்தாளு அதெக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கறான். உங்களுக்கு அரைப்பேரு போட்டுட்டு அப்பிடியே கீழ்வளைவுக்கு எறங்கியிருக்கறான்."

மூக்கம்மாள் அழத் தொடங்கினாள். "கோட்டு இல்லன்னா எப்படித் தெரியும்னு கேப்பாக. பூக்குற கதையச் சொல்லணும். பெறகு பெரியதுரை கோட்டையே நிறுத்திருவாரு. எங்களுக்கு இருக்கது அது ஒண்ணுதாம்மா. போட்டிருந்தாகன்னு சொன்னா யாருக்கு என்ன நட்டம்னு..."

"மொத நாளு தெரியாது, சரி" என்றாள் பூமாரி. குரல் உயரவில்லை. "அவரு கால ஒடைக்கிறாங்கன்னு லயத்து வீடுக பூராத் தெரிஞ்சுச்சே, அக்கா. அப்பவுமா?"

 ஒருத்தி பழக்கதோஷத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"இப்போ ஜீப்புல ஏறு, மூக்கம்மா" என்றார் சரஸ்வதியம்மாள். "போலீசுல நீ சொல்லாட்டி, பெரியதுரைகிட்ட நானே சொல்லுவேன். ரண்டுல எது வேணுமோ எடுத்துக்கோ."

இரக்கம் கலந்து சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் அழுதிருப்பாள். கலக்காததால் உடனே நடந்தாள்.

மேட்டுக்குத் திரும்பும் வழியில் சென்னிமலை குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மறுபடி ஏறுவதாக இல்லை. "சாட்சி கெடச்சாச்சு. மாட்டுனவன் யாருங்கம்மா? பெரியதுரைங்களா?"

"கோட்டில்லாமத் துரை செத்துக் கெடந்தா, மொதல்ல யாரக் கேப்பாங்க?"

அவன் நின்றுவிட்டான். கழுத்துவரை போட்டிருந்த பொத்தான்கள் திடீரென்று அவனை நெரிப்பதுபோல இருந்தன. பின்னால் வந்த பூமாரிக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தான். கேட்டிருந்தது.

லாயத்து வாசலில் சுருளிவேல் குதிரையின் கடிவாளத்தை வாங்கிக்கொண்டான். சென்னிமலையின் கோட்டைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தான்.

"அன்னிக்குக் குதிர தனியாத் திரும்பி வந்துச்சு. இல்லியா, சுருளிவேலு?" என்று கேட்டார் அம்மாள்.

துடைத்த கை நின்றது. அவன் பொய் சொல்லத் தயாராகி, பொய் கிடைக்காமல், தங்கையின் முகத்தைப் பார்த்தான். "துரை போடமாட்டேன்னு சொல்லிட்டாரு. 'பொட்டச்சிக எல்லாம் தூரத்துலயே பாத்துக்கிருதாளுக, இன்னைக்குப் புடிக்கேன் பாரு'ன்னு போனாரு. நான் என்ன செய்ய? குதிரை தனியா வந்ததும் கோட்டத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். வளைவுல யாரும் இல்ல. செத்தவருக்கு ஒரு கோட்ட மாட்டுனேன். அம்புட்டுத்தாம்மா. மச்சான் தலைமேல விடியும்னு சத்தியமா நெனைக்கல."

சென்னிமலை பெருமூச்சு விட்டான். பயந்தவன் செய்த மடத்தனம், அவ்வளவுதான். சின்னமுத்து வெளியே வருவான், இவனுக்குச் சில மாதம் கிடைக்கும், வேலை போகும். பூமாரியும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். அவள் தோள்கள் தளர்ந்தன.

சரஸ்வதியம்மாள் நகரவில்லை.

"சென்னி, உம்பட சட்டைக்கு மேல அந்தக் கோட்ட மறுபடியும் போடு."

அவன் கையை நுழைத்தான். சட்டைக் கை மேலேறிவிடாமல் இருக்க, விரல்கள் தாமாகவே அதன் நுனியைப் பிடித்துக்கொண்டன. யாரும் சொல்லிக்கொடுக்காமல் உலகத்தில் எல்லாரும் செய்வதுதான்.

அவன் தன் கையையே பார்த்தான்.

"செத்தவன் சட்டை நுனியப் புடிச்சுக்க மாட்டான்" என்றார் அம்மாள். "உசுரோட இருந்தவனுக்குத்தான் மாட்டியிருக்கறே."

 சுருளிவேல் வைக்கோல்மேல் உட்கார்ந்தான்.

"தண்ணி கேட்டாக" என்றான். "மொதல்ல கோட்டப் போட்டுக்கிருங்க துரை, பெறகு தர்றேன்னேன். கையக் குடுத்தாக. இடது கைய அவுகளாவே குடுத்தாக. வலது கை வரல. இழுத்தேன். நெஞ்சுல என்னமோ நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. கடைசிப் பொத்தான் போடையில கண்ணு நெலைகுத்திருச்சு."

"தண்ணி எங்க இருந்துச்சு?"

"பக்கத்துலதாம்மா. ஓடை."

"கோட்டு மாட்டுன நேரத்துக்குத் தண்ணியக் குடுத்திருந்தா, கம்பவுண்டர் வர்ற வரைக்கும் உசுரு தாங்கியிருக்கலாம்" என்றார் அம்மாள். அது அவனுக்கே தெரியும் என்று அறிந்தும் சொன்னார். "இதெ முழுசாச் சொன்னாத்தான் அந்த சப்-இன்ஸ்பெக்டர் நம்புவான். செத்தப்புறம் மாட்டுனேன்னு சொன்னா, மச்சானுக்காகப் பொய் சொல்றேன்னு ரண்டு பேரையும் உள்ள வெப்பான். அந்தச் சட்டை நுனிதான் சாட்சி."

சுருளிவேல் தங்கையின் காலைத் தொடுவதுபோல் கை நீட்டினான். "பூமாரி, தெனமும் நான்தான தாயி லாக்கப்புக்கு மச்சானுக்குச் சோறு கொண்டு போனேன். ஒரு வேளையும் தப்பவிடல. முழுசாச் சொன்னாக் கொலைன்னு எழுதிருவாக. கோட்டு மாட்டுனேன்னு மட்டும் சொல்லுதேன். அதுக்கே விட்டாலும் விட்டுருவாக."

"விடலன்னா?" என்றாள் பூமாரி.



அவள் குனிந்து அண்ணனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். சிறு வயதில் அவன் அவளைத் தூக்கிவிட்டிருக்கக் கூடிய அதே வாஞ்சையோடு அதைச் செய்தாள் என்றே சென்னிமலைக்குப் பட்டது; அதனால்தான் அடுத்து வந்த சொற்களை அவனால் நெடுநாள் மறக்க முடியவில்லை.

"முழுசாச் சொல்லுவ. ஒரு சொல்லு கொறஞ்சாலும் நான் சொல்லுவேன், நீ வேணும்னேதான் துரையக் கொன்னன்னு. தங்கச்சி சொன்னா நம்புவாக."

சுருளிவேல் அவளை வெறித்தான். அவளோ மூக்கம்மாள் உட்கார்ந்திருந்த ஜீப்பை நோக்கி அவனை நடத்திச் சென்றாள். சரஸ்வதியம்மாள் முன்னிருக்கையில் ஏறி, முந்தானையால் முகத்து ஈரத்தை ஒற்றிக்கொண்டார். சென்னிமலை சாவியைத் திருகினான். முதல் முயற்சியில் எஞ்சின் பிடிக்கவில்லை.

"லயத்துல ஒரு நிமிசம் நிறுத்துங்கண்ணே" என்றான் சுருளிவேல். "இந்தச் சட்டை பூராக் குதிரைச் சாணி நாத்தம். வேற சட்டை மாத்திக்கிட்டு வந்துருதேன்."

"வேணாம்" என்றாள் பூமாரி, அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து. "லாக்கப்புக்குள்ள விடுறதுக்கு முன்ன சட்டைய எப்படியும் கழத்திருவாக."